வீட்டுக் கணினி மாற்ற வேண்டும்: லேப்டாப்பா, மேக் மினியா, சின்னப் பெட்டியா? (செந்தூல், கையில் 2,500 மலேசிய வெள்ளி)

கலா_செந்தூல்:

வணக்கம். அடுக்குமாடி வீடு, கூடத்தில் ஒரு மேசை, அதில் பழைய டெஸ்க்டாப். இன்டெல் ஐ5-4460, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. சுவிட்ச் போட்டு வேலை தொடங்க நாலைந்து நிமிஷம் ஆகிறது. இப்போது வேலை நடுவில் பட்டென்று அணைந்தும் போகிறது. விண்டோஸ் 11 போடப் பார்த்தால் இந்தக் கணினிக்குத் தகுதி இல்லை என்று வருகிறது.

மகன் படிவம் 4, கணினி அறிவியல் எடுத்திருக்கிறான். மகள் படிவம் 1. இருவருக்கும் டெலிமா என்ற கல்வித் தளத்தில் பள்ளி வேலை இருக்கிறது. நான் பலகார ஆர்டர் எடுக்கிறேன்: எக்செலில் கணக்கு, தமிழில் விலைப்பட்டியல். விளையாட்டு என்றால் மைன்கிராஃப்ட், ரோப்லாக்ஸ் மட்டும்.

22 அங்குல மானிட்டர் நன்றாக இருக்கிறது, ஆனால் பின்னால் விஜிஏவும் டிவிஐயும்தான். கடையில் லேப்டாப் வாங்கச் சொல்கிறார்கள், என் தம்பி ஆப்பிளின் மேக் மினி என்கிறான். பழையதையே சரி பார்த்து ஓட்டலாமா?

தாய்ப்பலகை:

அக்கா, எதை வாங்குவது என்பதற்கு முன்னால் ஒரு வேலை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு ஹார்டு டிஸ்க்கைப் பாருங்கள். 05, சி5, சி6 என்ற வரிகளில் மஞ்சளோ சிவப்போ தெரிந்தால், கணக்கு ஃபைல்களை இன்றைக்கே பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். இவ்வளவு மெதுவாகத் திறப்பதற்குத் தேய்ந்த டிஸ்க்கும் காரணமாக இருக்கலாம்.

அணைந்து போவதற்குச் சந்தேகம் இரண்டு. மைன்கிராஃப்ட் மாதிரி பாரம் கொடுக்கும்போது மட்டும் அணைந்தால் சூடு: சிபியு ஃபேனில் தூசி அடைத்திருக்கும், அடியில் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது கூலரின் நாலு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று கழன்றிருக்கும். சும்மா இருக்கும்போதும் அணைகிறது, சுவரில் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் மறுபடி வருகிறது என்றால் பவர் சப்ளை. அதைத் திறந்து பார்க்க வேண்டாம். கரண்டை எடுத்த பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

இதில் பெரிய செலவு செய்யாதீர்கள். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை வேண்டும். உங்களுடையது 4ஆம் தலைமுறை. குறுக்கு வழியில் போட முடியும், ஆனால் அப்படிப் போட்டால் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வியாபாரக் கணக்கு இருக்கும் கணினிக்கு அது ஆகாது. விண்டோஸ் 10இன் ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். அதுவரை நிதானமாகத் தேடலாம்.

ரவாங்_மணி:

லேப்டாப்தான் என் ஓட்டு. கரண்ட் போனாலும் வேலை நிற்காது. கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் கூடவே இருக்கிறது, தனித்தனியாக வாங்க வேண்டாம். மகன் டியூஷனுக்கும் தூக்கிக்கொண்டு போகலாம்.

வாங்கும்போது இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ரேம் போர்டோடு பற்றவைத்ததா, தனி ஸ்லாட் உண்டா என்று கேளுங்கள். 8 ஜிபி பற்றவைத்து ஸ்லாட்டும் இல்லாத மாடல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம், பிறகு ஏற்றவே முடியாது. அடுத்தது திரை. விலைப் பலகையில் 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று இருந்தால் நிறம் வெளிறித் தெரியும், பலகாரப் படம் போட்டு விலைப்பட்டியல் செய்பவருக்கு அது சரி வராது.

சிறுபெட்டி:

மணி அண்ணன் சொல்வது ஒரு ஆள் வைத்திருக்கும் லேப்டாப்புக்குப் பொருந்தும். இங்கே மூன்று பேர், ஒரே மேசை. பொது லேப்டாப்பில் முதலில் போவது சார்ஜர் முனை, கீல், கீபோர்டு. கீபோர்டு மாற்ற பல மாடல்களில் மேல் மூடி முழுவதையும் மாற்ற வேண்டும். நாள் முழுக்க சார்ஜில் குத்தியே வைத்தால் நம் ஊர்ச் சூட்டில் பேட்டரி உப்பும், டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு வரும். வாங்கினால் அந்தந்த நிறுவன மென்பொருளில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தி வையுங்கள்.

மேக் மினி பற்றி. 2024 நவம்பரில் வந்த எம்4 மாடல் அருமையான கணினி, சத்தமே இல்லை, அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி ரேம். ஆனால் இந்த வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். கணினி அறிவியலில் தரவுத்தளம் வரும்போது ஆசிரியர் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் கேட்டால், அது மேக்கில் கிடையாது. ஆப்பிள் சிப் வந்த பிறகு பூட்கேம்ப்பும் இல்லை, எனவே விண்டோஸை நேரடியாகப் போட முடியாது. மைன்கிராஃப்டில் ஜாவா பதிப்பு மட்டும் ஓடும், பெட்ராக் ஓடாது. பழைய செவ்வக யுஎஸ்பி ஓட்டை ஒன்றுகூட இல்லை, பென்டிரைவுக்கும் பிரிண்டருக்கும் அடாப்டர் வேண்டும். ரேமைப் பிறகு கூட்டவும் முடியாது. உங்கள் பணம் முழுக்க அந்த ஒரு பெட்டிக்கே போய்விடும்.

தமிழ் தட்டச்சுக்காக மேக் வேண்டும் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. நம் நாட்டு முத்து நெடுமாறனின் அஞ்சல் விசைமுறையும் தமிழ்99உம் மேக்கில் உண்டு. 2019இலிருந்து விண்டோஸிலும் இரண்டும் உள்ளேயே வருகின்றன. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து, விசைப்பலகையில் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

என் யோசனை: அலுவலகங்களில் இருந்து கழித்து, கடைக்காரர்கள் சுத்தம் பண்ணி விற்கும் ஒரு லிட்டர் அளவுள்ள சின்னக் கணினிப் பெட்டி. லெனோவோ திங்க்சென்டர் எம்720க்யூ, டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060 மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4 மினி. மானிட்டருக்குப் பின்னால் மாட்டிவிடலாம், மேசை காலியாக இருக்கும்.

கலா_செந்தூல்:

நன்றி தம்பி. பழைய பொருள் என்றால் பயமாக இருக்கிறது. கடையில் என்ன பார்த்து வாங்குவது? இங்கே சாயங்காலம் இடி மழை வந்தால் கரண்ட் விட்டு விட்டு வருகிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

சிறுபெட்டி:

மாடல் எண்ணில் ஏமாறாதீர்கள் அக்கா. எம்720க்யூ 8ஆம் தலைமுறை, அதே மாதிரித் தெரியும் எம்710க்யூ 6, 7ஆம் தலைமுறை. டெல்லில் 3060 சரி, 3050 வேண்டாம். எச்பியில் ஜி4 சரி, ஜி3 வேண்டாம். சிப் பெயரில் கோட்டுக்கு அடுத்த எண்ணைப் பாருங்கள்: ஐ5-8500டி என்றால் 8, ஐ5-7500டி என்றால் 7. வெளியே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாமல் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

லோ யாட் கணினி வளாகத்தில் வாங்கினாலும் வேறெங்கே வாங்கினாலும் கடையிலேயே மானிட்டரில் மாட்டி ஓட்டச் சொல்லுங்கள். முதலில் பயோஸ் (விண்டோஸ் திறக்கும் முன் வரும் அமைப்புத் திரை) உள்ளே போங்கள், கணினி தொடங்கும்போது அழுத்த லெனோவோவுக்கு எஃப்1, டெல்லுக்கு எஃப்2, எச்பிக்கு எஃப்10. பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அது பழைய கம்பெனி போட்ட பூட்டு. பிறகு விண்டோஸில் ஆக்டிவேஷன் பக்கம். அங்கே "நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை" என்ற பொருளில் வரி இருந்தால் அது வீட்டுக்கான லைசென்ஸ் இல்லை. டிஜிட்டல் லைசென்ஸ் என்று இருக்க வேண்டும். அடுத்து எஸ்எஸ்டி, மேலே சொன்ன அதே மென்பொருளில் ஆரோக்கியம் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும்.

ரேம் 16 ஜிபி வேண்டும், அதுவும் 8 ஜிபி இரண்டாக. இந்தப் பெட்டிகளில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, படம் காட்டவும் ரேமையே பயன்படுத்துகிறது. ஒற்றை ஸ்டிக் போட்டால் பாதை பாதியாகிவிடும், மைன்கிராஃப்ட் திக்கித் திக்கி ஓடும். 2025 கடைசியில் ரேம் விலை ஏறியதால் 8 ஜிபி மட்டும் போட்டுத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பிறகு தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், பெட்டியோடு சேர்த்தே பேசுங்கள். 256 ஜிபி எஸ்எஸ்டி, 16 ஜிபி ரேம், அடாப்டர் எல்லாம் சேர்த்து ஆயிரம் வெள்ளியைத் தாண்டினால் வேறு கடை பாருங்கள்.

வைஃபை பலவற்றில் இருக்காது, அலுவலகத்தில் கேபிள்தான். உள்ளே சின்ன எம்.2 ஸ்லாட் உண்டு, இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டும் இரண்டு ஆன்டெனா வயரும் கேளுங்கள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 வேண்டாம். பெயர் ஒன்று போல இருக்கும், ஆனால் அவை சில இன்டெல் போர்டுகளில் மட்டுமே வேலை செய்யும்.

உங்கள் மானிட்டருக்கு எச்டிஎம்ஐ-டிவிஐ கேபிள் ஒன்று போதும், எச்டிஎம்ஐ இல்லாத பெட்டி என்றால் டிஸ்பிளே போர்ட்-டிவிஐ கேபிள். இரண்டுமே டிஜிட்டல், தெளிவு குறையாது. விஜிஏவுக்கு மாற்றும் அடாப்டர் வாங்காதீர்கள், எழுத்து மங்கும். சத்தம் டிவிஐ வழியாக வராது, சின்ன ஸ்பீக்கரோ ஹெட்போனோ வேண்டும். வகுப்புக்கு யுஎஸ்பி வெப்கேமும் கணக்கில் வையுங்கள்.

டெல் என்றால் அடாப்டர் அசலாக இருக்க வேண்டும். போலியை மாட்டினால் அடாப்டரை அடையாளம் தெரியவில்லை என்று செய்தி காட்டி, சிப் வேகத்தைத் தானாகவே குறைத்துவிடும். கணினி பழுது என்று நினைத்து அலைவார்கள்.

கம்பிவேலை:

மின்னலுக்கு என் பதில், இதைக் கவனமாகப் படியுங்கள் தங்கச்சி.

சர்ஜ் புரொடெக்டர் வாங்கினால் மட்டும் போதாது, எர்த் இருந்தால்தான் அது முழுமையாகக் காக்கும். பல வீடுகளில் இரண்டு முள் பிளக்கை மூன்று ஓட்டை சாக்கெட்டில், மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தித் திறந்து சொருகுகிறார்கள். அந்தப் பிளக்கில் எர்த்தும் இல்லை, ஃபியூஸும் இல்லை. முனைகள் சரியாகப் பிடிக்காமல் பொறி பறந்து சாக்கெட் கருகும். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் மினி கணினிகள் சிலவற்றுக்கு அப்படிப்பட்ட அடாப்டர் வரும். சிரிம் தர முத்திரையுள்ள மூன்று முள் வயராக மாற்றிக்கொள்ளுங்கள். புரொடெக்டரில் பாதுகாப்பு விளக்கு ஒன்று இருக்கும். அது அணைந்தால், உள்ளே இருக்கும் பாகம் அடி வாங்கி முடிந்துவிட்டது, இனி அது சாதாரண எக்ஸ்டென்ஷன்தான்.

ரவுட்டரை மறந்துவிடுகிறார்கள். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்னல் வராது. ஆனால் ரவுட்டரின் அடாப்டர் வழியாக வந்து லேன் கேபிளில் ஏறிக் கணினியின் போர்டைத் தின்னும். ரவுட்டரையும் அதே புரொடெக்டரில் மாட்டுங்கள், அல்லது கணினியை வைஃபையில் ஓட்டுங்கள். இடி நெருங்கினால் பிளக்கைக் கழற்றுவதே நல்லது, சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. எந்தக் கருவியும் நேரடி மின்னலைத் தாங்காது.

கரண்ட் விட்டு விட்டு வருவதற்கு 650 விஏ யுபிஎஸ் போதும். அந்தச் சின்னப் பெட்டி சும்மா இருக்கும்போது சுமார் 10 வாட், மானிட்டரோடு சேர்த்து 40 வாட்டுக்குள்தான் இழுக்கும். புது பேட்டரியில் சேமித்து மூட வேண்டிய நேரம் தாராளமாகக் கிடைக்கும். உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஏஎச் ஈய பேட்டரி, நம் சூட்டில் இரண்டு மூன்று வருஷத்தில் மாற்ற வேண்டி வரும். சன்னல் பக்கமோ அடுப்பங்கரைச் சுவரிலோ வைக்காதீர்கள். லேசர் பிரிண்டரை அதில் மாட்டவே கூடாது, சூடேறும்போது இழுக்கும் பாரத்தில் யுபிஎஸ் விழுந்துவிடும்.

ரவாங்_மணி:

மூன்று பேர் ஒரே மேசை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை, சிறுபெட்டி சொல்வது சரி. மீதிப் பணத்தைத் தொடாமல் வையுங்கள், மகன் எஸ்.பி.எம். தேர்வு முடித்து மேலே படிக்கப் போகும்போது அவனுக்கென்று லேப்டாப் வேண்டியிருக்கும். எறும்பு, பல்லி இரண்டும் வெதுவெதுப்பான பெட்டியைத் தேடி வரும். பலகார வேலை நடக்கும் வீடு, மேசையில் மாவு, சர்க்கரை சிந்தாமல் பாருங்கள். காற்றுத் துளையை மட்டும் துணி போட்டு மூடாதீர்கள்.

கலா_செந்தூல்:

எல்லாருக்கும் நன்றி. எம்720க்யூ, 16 ஜிபி, யுபிஎஸ் என்று முடிவு செய்துவிட்டேன். பழைய டிஸ்க்கைப் பார்த்தேன், சி5 வரி மஞ்சளாக இருக்கிறது. முக்கியமான கணக்கைப் பென்டிரைவில் எடுத்துவிட்டேன். படங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றைப் புதியதில் எப்படி ஏற்றுவது?

தாய்ப்பலகை:

சி5 மஞ்சள் என்றால் அந்த டிஸ்க்கில் படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள் இருக்கின்றன. பழைய கணினியை இனி ஓட்ட வேண்டாம், ஒவ்வொரு தடவை விண்டோஸ் திறக்கும்போதும் அது அடி வாங்குகிறது. டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி டாக்கில் (டிஸ்க்கை வெளியிலிருந்து கணினியோடு இணைக்கும் கருவி) போடுங்கள். உங்களுடையது 3.5 அங்குலம், 12 வோல்ட் தனி அடாப்டர் உள்ள டாக்தான் வேண்டும். லேப்டாப் டிஸ்க்குக்கான சின்ன கேபிளில் அது சுழலவே சுழலாது.

புதியதில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்று வரும், கன்டினியூ அழுத்துங்கள், கொஞ்ச நேரம் எடுக்கும். மொத்தமாக இழுத்துப் போடாமல் டாக்யுமென்ட்ஸ் முதலில், பிறகு படங்கள் வருஷம் வருஷமாக. ஒரு ஃபைலில் நின்றுபோனால் ஸ்கிப் கொடுத்து அடுத்ததற்குப் போங்கள், திரும்பத் திரும்ப முயன்றால் டிஸ்க் முழுசாகப் போய்விடும். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே கரண்டை எடுத்துவிட்டு இங்கே எழுதுங்கள்.