சேலம் குகைப் பகுதி வீட்டுச் சொந்தங்கள் குழுவில் ஒரு சைக்கிள்

ஞாயிறு, இரவு 8:04

கார்த்தி: (படம்) அண்ணா, இந்த வண்டி எப்படி? முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், 21 கியர். 38,000 சொல்கிறார்கள். ஏற்காடு ஏற இதுதான் சரி என்று கடையில் அடித்துச் சொன்னார்கள்.

மாமா: வாழ்த்துகள் மாப்ளே 💐💐💐

அம்மா: இன்னும் வாங்கவே இல்லை. நீ வேறு பூ போட்டு ஏற்றிவிடாதே.

சரவணன் அண்ணா: எடை எவ்வளவு?

கார்த்தி: 17.5 கிலோ.

சரவணன் அண்ணா: 25 கிலோ அரிசிச் சிப்பத்தில் முக்கால்வாசி. அதைக் கட்டிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவு ஏறப் போகிறாயா?

சரவணன் அண்ணா: பின்னால் இருக்கிற ஸ்பிரிங் வேண்டாம்டா. நீ ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் சீட்டு அமுங்கி எழும். அமுக்குகிற பலம் யாருடையது? உன்னுடையதுதான். அதை அடக்குகிற நல்ல ஷாக் வைத்த வண்டிக்கு லட்சங்கள் வேண்டும். இந்த விலையில் போடுவது சோபா ஸ்பிரிங்.

நித்யா அக்கா: ஹார்ட்டெயில் வாங்கு கார்த்தி. முன்னால் மட்டும் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், அது 100 மில்லிமீட்டர் அமுங்கினால் போதும். ஏறும்போது ஃபோர்க்கைப் பூட்டிவிடுகிற லாக்கவுட் இருக்கிறதா என்று கேள். மிச்சமாகிற காசைப் பிரேக்கில் போடு.

கார்த்தி: பிரேக் இதிலும் டிஸ்க்தானே அக்கா?

சரவணன் அண்ணா: அங்கேதான் ஏமாற்றுவார்கள். டிஸ்க் என்றால் எல்லாம் ஒன்று இல்லை. நாளைக்குக் கடைக்குப் போனால் சக்கரத்துப் பக்கம் குனிந்து பார். டிஸ்கைப் பிடிக்கிற பெட்டியில் ஒரு சின்னக் கை நீட்டிக்கொண்டிருந்து, அதைக் கம்பி இழுத்தால் அது கேபிள் பிரேக். கை இல்லாமல் தடித்த கறுப்புக் குழாய் நேராக உள்ளே போனால் ஹைட்ராலிக். அதற்குள் எண்ணெய் ஓடும், ஒரு விரல் போதும்.

அம்மா: போன வண்டியிலேயே பிரேக் நன்றாகத்தானே இருந்தது? எதற்கு இப்போது எண்ணெய் எல்லாம்?

சரவணன் அண்ணா: சித்தி, மலை இறங்கும்போது முக்கால் மணி நேரம் பிடித்துக்கொண்டே வர வேண்டும். கேபிள் பிரேக்கில் நாலு விரலும் மரத்துப்போகும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஏழாவது வளைவில் எனக்கு லீவர் கைப்பிடி வரைக்கும் ஒட்டிக்கொண்டது. வண்டி நிற்கவே இல்லை. ஓரத்து வாய்க்காலில் விழுந்ததில்தான் முழங்கையில் இந்தத் தழும்பு.

பெரியப்பா: பாத்ரூமில் வழுக்கியதாகச் சொன்னாய்.

(சரவணன் அண்ணா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

பெரியப்பா: நான் படித்துவிட்டேன்.

நித்யா அக்கா: 😂😂😂 அப்பா, எனக்கு அப்போதே தெரியும்.

பெரியப்பா: உனக்குமா?

மாமா: இனிய இரவு வணக்கம் 🌙

திங்கள், மதியம் 1:15

கார்த்தி: அண்ணா, போய்க் குனிந்து பார்த்தேன். கை இருக்கிறது, கம்பி இருக்கிறது. ஹைட்ராலிக் என்று சொன்னீர்களே என்று கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, பேரு மட்டும்தான் வேற" என்கிறார்.

சரவணன் அண்ணா: கும்பிட்டுவிட்டுக் கிளம்பி வா.

கார்த்தி: வேறு கடையில் ஒரு ஹார்ட்டெயில் பார்த்தேன். 14 கிலோ, ஹைட்ராலிக், 29 இஞ்ச் சக்கரம். ஆனால் முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 10. மொத்தம் 10 கியர்தான். அதற்கு 21, இதற்கு 10. விலையோ 46,000.

நித்யா அக்கா: எண்ணிக்கையைப் பார்க்காதே, பல்லை எண்ணு. முன்னால் எத்தனை, பின்னால் பெரிய வட்டத்தில் எத்தனை?

கார்த்தி: முன்னால் 32. பின்னால் பெரியதில் 46.

நித்யா அக்கா: அது போதும். நீ பெடலை ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் முக்கால் சுற்றுகூடச் சுற்றாது. 29 இஞ்ச் சக்கரத்தின் சுற்றளவு 2.3 மீட்டர் வரும். ஒரு நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகம், அவ்வளவுதான். நடப்பதை விடக் கொஞ்சம் அதிகம். ஏற்காட்டு ஏற்றத்துக்கு உனக்கு வேண்டியது அந்த வேகம்தான். 21 கியரில் பாதி ஒன்றையொன்று திருப்பிச் சொல்கிற கியர்.

அம்மா: மணிக்கு 6 கிலோமீட்டர் போகத்தான் 46,000 ரூபாயா?

மாமா: அக்கா 👏👏

பெரியப்பா: ஏறுவதற்குத் தெம்பு போதும். செலவு இறக்கத்துக்கு. கணக்கு சொல்கிறேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். ஏற்காடு 1,500-ஐத் தாண்டும். இறக்கம் 1,200 மீட்டர் என்று வை. கார்த்தியும் வண்டியும் பையும் சேர்ந்து 85 கிலோ. புவியீர்ப்பு 9.8-ஐயும் சேர்த்துப் பெருக்கினால் 10 லட்சம் ஜூல். இதில் கொஞ்சத்தைக் காற்று வாங்கிக்கொள்ளும், மற்றது அத்தனையும் பிரேக்கில் சூடாக இறங்க வேண்டும். 10 லட்சம் ஜூல் இருந்தால் மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்.

அம்மா: ஒரு குண்டான் வெந்நீரா!

பெரியப்பா: அதேதான். அது ஒரு சாண் அகலம்கூட இல்லாத ரெண்டு டிஸ்கில்.

நித்யா அக்கா: அப்பா, இந்த மலை சைக்கிள் விளையாட்டே அப்படிப் பிறந்ததுதான். கலிஃபோர்னியாவில் ஒரு மலைப்பாதை. சுமார் 3 கிலோமீட்டருக்குள் 400 மீட்டர் இறக்கம். 1976 அக்டோபர் 21 அன்று அதில் முதல் பந்தயம் வைத்தார்கள். ஓட்டியதெல்லாம் பழைய தடித்த டயர் சைக்கிள், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். கீழே வந்து சேரும்போது அச்சுக்குள் இருந்த கிரீஸ் எல்லாம் புகைந்து போயிருக்கும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அப்படி அடைப்பதை ரீபேக் என்பார்கள். பாதைக்கே ரீபேக் என்று பேர் வந்துவிட்டது.

பெரியப்பா: பாடம் எடுத்த காலத்தில் வகுப்பில் சொல்லியிருக்கலாம், தெரியாமல் போயிற்று.

கார்த்தி: சரி. 46,000 வண்டியே வாங்குகிறேன். ஹெல்மெட் அண்ணாவுடையது இருக்கிறது.

சரவணன் அண்ணா: அது வேண்டாம். வாய்க்காலில் விழுந்தபோது போட்டிருந்தது அதுதான். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே தெர்மாகோல் நசுங்கியிருக்கும். ஒரு தடவை அடி வாங்கிய ஹெல்மெட் தொப்பிக்குச் சமம். புதிதாக வாங்கு. கையுறையும் முட்டிக்கு பேடும் சேர்த்துக்கொள். ஜெர்சிக்கு இப்போது காசு போடாதே.

பெரியப்பா: தலையில் வேறு அடிபட்டதா?

(சரவணன் அண்ணா தட்டச்சு செய்கிறார்... பதில் வரவில்லை)

சனி, காலை 7:30

கார்த்தி: பெட்ரோல் பங்கில் காற்று அடிக்க முடியவில்லை. பம்பு வாய் வால்வில் உட்காரவே மாட்டேன் என்கிறது. பங்க் பையன், "இது என்னண்ணா பால்பாயின்ட் பேனா மூடி மாதிரி இருக்கு" என்று சிரிக்கிறான்.

நித்யா அக்கா: 😂 அது பிரெஸ்டா வால்வு, ஒல்லியாக இருக்கும். பங்கில் இருப்பது கார், பைக் வால்வுக்கான வாய். பித்தளையில் ஒரு சின்ன அடாப்டர் விற்பார்கள். ரெண்டு வாங்கு, ஒன்று கட்டாயம் தொலையும். கைப்பம்பும் பையில் இருக்கட்டும்.

சரவணன் அண்ணா: பங்கில் கேட்டால் காற்றழுத்தம் 60 பிஎஸ்ஐ அடித்துவிடுவார்கள், விடாதே. டயர் பக்கத்தில் போட்டிருப்பது தாங்கக்கூடிய உச்சம், அடிக்க வேண்டிய அளவு இல்லை. உன் எடைக்கு, டியூப் போட்ட டயரில், தார் ரோட்டுக்கு 40 வை. எஸ்டேட் மண் ரோட்டில் இறங்கும்போது 30-க்குக் குறை. அதற்கும் கீழே போனால் கல்லில் டியூப் நசுங்கி, பாம்பு கொத்தினது மாதிரி ரெண்டு ஓட்டை விழும்.

அம்மா: பாம்பா?

சரவணன் அண்ணா: உதாரணம் சித்தி.

சரவணன் அண்ணா: அப்புறம் கார்த்தி, புது டிஸ்க் முதல் நாளே பிடிக்காது. கோரிமேடு பக்கம் காலியான ரோட்டில் வேகமாகப் போய், முழுக்க நிற்காமல் நடை வேகத்துக்குக் குறை. இருபது தடவை முன் பிரேக், இருபது தடவை பின் பிரேக். பத்து நாள் கழித்துத்தான் மலை.

பதினொரு நாள் கழித்து, புதன், இரவு 9:10

சரவணன் அண்ணா: நாளைக்குப் போகிறோம். நானும் வருகிறேன். கார்த்திக்கு வியாழன் வார லீவு, நல்லதாகப் போயிற்று. சனி ஞாயிறு என்றால் வெளியூர் கார்களின் புகையைத்தான் குடிக்க வேண்டும். அடிவாரம் வழியாக ஏறி, மாமா வீட்டில் சாப்பிட்டு, கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக இறங்குகிறோம்.

கார்த்தி: நாலரைக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் ஏறிவிடலாம்.

மாமா: வேண்டாம் மாப்ளே. இருட்டில் ரோட்டோரம் காட்டெருமை நிற்கும். இந்த மார்கழி, தைப் பனியில் பத்தடி முன்னால் நிற்பதுகூடத் தெரியாது. கறுப்பு உடம்பு, காலில் மட்டும் வெள்ளை. காலுறை போட்ட மாதிரி நாலு வெள்ளைக் கால் முதலில் தெரியும், அப்புறம்தான் மற்றது. விடிந்த பிறகு அடிவாரம் தாண்டுங்கள்.

மாமா: பார்த்தால் பெல் அடிக்காதே, லைட்டை ஆட்டாதே. நின்றுவிடு. அது போகும். கூட்டமாக இருந்தால் பரவாயில்லை, தனியாக நிற்கிற கிடாதான் முறைக்கும்.

அம்மா: நாளைக்கு யாரும் போக வேண்டாம்.

மாமா: அக்கா, நான் தினமும் அது கூடத்தான் குடித்தனம் நடத்துகிறேன். விடிந்து வந்தால் ஒன்றும் இல்லை.

கார்த்தி: மாமா, கோயிலுக்குப் பின்னால் காட்டுக்குள் ஒரு தடம் இருக்கிறதாமே, அதில் போய்ப் பார்க்கலாமா?

மாமா: அது ரிசர்வ் ஃபாரஸ்ட். வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. எங்கள் எஸ்டேட் மண் ரோட்டுக்கு மேனேஜரிடம் கேட்டுவிட்டேன், அதில் ஓட்டு. ஆனால் காபிப் பழம் பறிக்கிற நேரம், ஆட்கள் இருப்பார்கள், மூட்டை கிடக்கும். பார்த்து. சில்வர் ஓக் சருகு மேல் பிரேக் பிடிக்காதே. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் பனி நனைத்து வாழைப்பழத் தோல்தான். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, சருகு மேல் சும்மா உருட்டிப் போ.

சரவணன் அண்ணா: மாமா சொன்னது தார் ரோட்டுக்கும் பொருந்தும். இறங்கும்போது பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வராதே, அதுதான் நான் செய்த தப்பு. வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடி, அப்புறம் முழுக்க விட்டுவிடு. விட்ட நேரத்தில்தான் டிஸ்க் ஆறும்.

பெரியப்பா: ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கும்போது எதிரே பஸ் ஏறி வந்தால் ஓரமாக நில்லுங்கள். 2024 டிசம்பர் புயலில் சரிந்த இடங்களில் ஓரத்தில் ஜல்லி இருக்கலாம், கவனம்.

நித்யா அக்கா: பையில் ஸ்பேர் டியூப் ரெண்டு, டயர் லீவர், மல்டிடூல், செயின் இணைப்பு, தண்ணீர் ஆளுக்கு ரெண்டு லிட்டர். பின்னால் சிவப்பு லைட்டைப் பகலிலும் போட்டு வை, பனியில் அதுதான் கார்க்காரனுக்குத் தெரியும்.

அம்மா: இட்லி பொடி தடவி பொட்டலம் கட்டி வைக்கிறேன். கடலை உருண்டை எட்டு.

வியாழன்

காலை 6:52. கார்த்தி: (படம்) அடிவாரம். வெளிச்சம் வந்துவிட்டது. கிளம்புகிறோம்.

காலை 8:05. சரவணன் அண்ணா: ஏழாவது வளைவு.

பெரியப்பா: அந்த வாய்க்காலைப் படம் எடுத்து அனுப்பு.

சரவணன் அண்ணா: (படம்)

பெரியப்பா: ஆழம் அதிகம்தான்.

காலை 8:40. கார்த்தி: 46,000 கொடுத்து வாங்கியும் உட்கார்ந்துவிட்டேன். தொடை நடுங்குகிறது. ஒரு குரங்கு கடலை உருண்டைப் பையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

நித்யா அக்கா: கியரைப் பின்னால் இருக்கிற பெரிய வட்டத்துக்குத் தள்ளு, மூச்சு வாங்காத வேகத்தில் மிதி. குரங்குக்குக் கொடுக்காதே.

காலை 10:02. சரவணன் அண்ணா: (படம்) ஏரி. குரங்கு மூன்று உருண்டை எடுத்துக்கொண்டது. மிளகாய் பஜ்ஜிக்கு நிற்கிறோம்.

அம்மா: சாமி கும்பிட்டுக்கொண்டேன். பஜ்ஜி ரொம்ப வேண்டாம்.

மதியம் 12:20. மாமா: (குரல் செய்தி, 0:41)

மாமா: அதாவது, எஸ்டேட் ரோட்டில் மாப்ளே ஒரு தடவை விழுந்தான். சருகு மேல். கையுறை கிழிந்தது, கை கிழியவில்லை. மேஸ்திரி அம்மா சிரித்தார்கள், அதுதான் பெரிய காயம். சாப்பிடுகிறார்கள்.

அம்மா: கார்த்தி, போனை எடு.

மதியம் 3:18. கார்த்தி: கொட்டச்சேட்டில் நிற்கிறோம் அம்மா. நன்றாக இருக்கிறேன். அண்ணா சொன்ன மாதிரி பிடித்துப் பிடித்து விட்டுத்தான் வந்தேன், விரல் வலிக்கவே இல்லை. ஆனால் கடைசி மூன்று வளைவிலும் முன்னால் ஒரு பஸ், விட வழி இல்லாமல் பிடித்துக்கொண்டே வர வேண்டியதாயிற்று. டிஸ்க் லேசாக நீலம் பூத்திருக்கிறது.

பெரியப்பா: தண்ணீர் ஊற்றாதே, கோணிவிடும். தானாக ஆறட்டும்.

கார்த்தி: ஊற்றவில்லை பெரியப்பா. விரலை நனைத்து ஒரே ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். சுர்ர்ர் என்று உருண்டு ஓடிப்போயிற்று.

அம்மா: தோசைக்கல் நன்றாகக் காய்ந்தால்தான் அப்படிப் போகும்.

பெரியப்பா: மூன்று லிட்டரில் ஒரு சொட்டு. மிச்சத்தைக் குப்பனூர் வரைக்கும் மெதுவாகக் கணக்குத் தீர்.

அம்மா: ரெண்டு பேரும் நேராக இங்கே வாருங்கள். மாவு இருக்கிறது.