பொறுப்பு விடும் தீயணைப்புத் தொழிற்சங்க நிர்வாகிகளுக்கு எப்படிப் பாராட்டு விழா எடுப்பது?

டர்பன்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் மாநகரத் தீயணைப்புத் துறையில் பணிபுரியும் நான் எங்கள் தொழிற்சங்கக் கிளையின் விழாக் குழுவிலும் இருக்கிறேன். நெடுங்காலம் பொறுப்பில் இருந்த தலைவர், செயலர், பொருளாளர் மூவரும் இந்தத் தேர்தலில் போட்டியிடாமல் புதியவர்களுக்கு வழிவிட்டிருக்கிறார்கள். செயலர் நம்மவர், டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். தலைவரின் தாய்மொழி ஜூலு. பொருளாளர் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர். நம் சபைகளில் செய்வதுபோல மாலையும் பொன்னாடையும் அணிவித்து, பிரியாணி விருந்தோடு முடிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எல்லா இனத்தவரும் உள்ள சங்கத்தில் அது ஒரு சமூகத்தின் சடங்காகத் தெரியாதா என்று வேறு சிலர் தயங்குகிறார்கள். இதற்கிடையே, தீயணைப்புக் கருவிகள் விற்கும் ஒரு நிறுவனம் விருந்துச் செலவை ஏற்பதாகச் சொல்லியிருக்கிறது. பன்னாட்டுத் தீயணைப்பாளர் நாளான மே 4 அன்றே விழாவை வைக்கலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழைய நகராட்சி ஊழியர் எழுதுகிறார்:

தம்பி, மாலை போடுவதில் தயக்கமே வேண்டாம். ஆனால் செயலருக்கு மட்டும் பொன்னாடை, மற்ற இருவருக்கும் கேடயம் என்று பிரித்துவிடாதீர்கள். மூவருக்கும் ஒரே விதமான பொன்னாடை போட வேண்டும். அதைச் செயலருக்குத் தலைவரின் மொழிக்காரர் ஒருவரும், தலைவருக்கு நம்மவர் ஒருவரும் போட்டால் சடங்கு யாருடையது என்ற கேள்வியே எழாது. நான் மேகசின் பாரக்ஸில் வளர்ந்தவன். டர்பன் நகராட்சியில் வேலை பார்த்த இந்தியக் குடும்பங்கள், 1960களில் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்படும்வரை, அங்கேதான் நெருக்கியடித்து வாழ்ந்தன. அந்தக் காலத்தில் ஒரே வேலையைச் செய்தவர்கள்கூட ஒரே சங்கத்தில் சேர்ந்து நிற்பது எளிதாக இல்லை. பல இனத்தவரும் சேர்ந்த சங்கங்களைப் புதிதாகப் பதிவு செய்ய நிறவெறி அரசின் 1956ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. இன்று ஒரே மேடையில் மூன்று மொழிக்காரர்கள் மாலையோடு நிற்பதைப் பார்க்க என்னைப் போன்றவர்களுக்கு ஆசை இருக்காதா?

கருவி விற்பவரின் பணம் மட்டும் கூடவே கூடாது. மூச்சுக் கருவியோ தீக்காப்பு உடையோ தரமில்லை என்று நாளைக்குப் புதிய நிர்வாகிகள் பாதுகாப்புக் குழுவில் வாதாட நேர்ந்தால், முந்தைய விருந்து யார் செலவு என்று எதிர்த்தரப்பு கேட்கும். உறுப்பினர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சமைத்த பருப்பும் சோறும் போதும்.

தொழிலாளர் சட்டம் படித்தவள் எழுதுகிறார்:

ஐயா சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் பொன்னாடையைவிடப் பாராட்டு மடலைப் பற்றித்தான் குழு அதிகம் யோசிக்க வேண்டும். நம் நாட்டில் தீயணைப்பு இன்றியமையாச் சேவையாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டத்தின்படி அதில் பணிபுரிகிறவர்கள் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. பேச்சில் தீராத தகராறு சமரசத்துக்கும், அங்கும் தீராவிட்டால் நடுவர் தீர்ப்புக்கும் போகிறது. வேறு சங்கங்களின் தலைவர்கள் வாயிலில் கொடியோடு நிற்பதை ஊரே பார்க்கும். உங்கள் தலைவர்களோ கடிதம் எழுதி, கோப்பு சேர்த்து, பேச்சுவார்த்தை மேசையில் மணிக்கணக்காக உட்கார்ந்து வேலை செய்தவர்கள். உறுப்பினர்களிலேயே பலருக்கு அது தெரிந்திருக்காது. ‘அயராது உழைத்த செம்மல்’ என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும், அதனாலேயே இவர்களுக்குப் பொருந்தாது. எந்த ஆண்டில் எந்தக் கோரிக்கையை எழுப்பினார்கள், எது கிடைத்தது, எது இன்னும் நிலுவையில் நிற்கிறது என்று எழுதுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: தீயணைப்புத் தொழிலில் நச்சுப் பொருள்களுக்கு ஆளாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் வகைப்படுத்தியது. புகை படிந்த உடைகளை வீட்டுக்கு எடுத்துப்போகாமல் நிலையத்திலேயே துவைக்க ஏற்பாடு வேண்டும் என்று உங்கள் செயலர் கேட்டிருந்தால், அந்த ஒரு வரி பத்து அடைமொழிக்குச் சமம். ஒழுங்கு நடவடிக்கையில் அவர்கள் யாருக்காக வாதாடினார்கள் என்பதை மட்டும் பெயரோடு எழுத வேண்டாம். அது அந்த உறுப்பினரின் சொந்த விஷயம்.

தீயணைப்பாளர் வீட்டம்மா எழுதுகிறார்:

மடல் நீளமாகட்டும், பேச்சுகள் குறையட்டும் என்பது என் கருத்து. விழாவைச் சனிக்கிழமை மாலை மண்டபத்தில் வைத்தால் அந்த நேரம் பணிமுறையில் இருப்பவர்கள் நிலையத்தை விட்டு வர முடியாது. பெரும்பாலும் இவர்கள்தாம் விடுபட்டுப்போகிறார்கள். மாலை போடுவதையும் மடல் வாசிப்பதையும் பணிமுறை மாறும் காலை வேளையில், இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் ஒன்றாக இருக்கும்போது நிலைய முற்றத்தில் செய்துவிட்டு, விருந்தை மட்டும் வேறொரு நாளுக்கு வையுங்கள். மணி அடித்தால் பாதியில் ஓட வேண்டியிருக்கும். ஓடட்டும், அவர்கள் திரும்பி வந்ததும் தொடரலாம். இரவில் தொலைபேசி அடித்தபோதெல்லாம் எழுந்து விளக்குப் போட்டவர்கள் வீட்டுக்காரிகள். அவர்களையும் மேடைக்கு அழையுங்கள்.

மே 4 வேண்டாம் என்பேன். 1998 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் லிண்டனில் காட்டுத்தீயை அணைக்கப் போன ஐந்து தன்னார்வத் தீயணைப்பாளர்கள் இறந்த பிறகு எழுந்த யோசனையால் அந்த நாள் வந்தது. நமக்கும் 2018 செப்டம்பரில் ஜோகன்னஸ்பர்க்கின் பாங்க் ஆஃப் லிஸ்பன் கட்டடத் தீயில் மாண்ட மூன்று தீயணைப்பாளர்களின் நினைவு இருக்கிறது. மே 4 அன்று பிரியாணி பரிமாற எனக்கு மனம் வராது.

டர்பன்வாசி பதில்:

மூவருக்கும் நன்றி. நிறுவனத்தின் பணத்தை மரியாதையாக மறுத்துக் கடிதம் எழுதிவிடுகிறோம். நிலைய முற்றம் நல்ல யோசனை. நிலைய அதிகாரியிடம் அனுமதி கேட்க வேண்டும். மடலுக்காகக் கூட்டக் குறிப்பேடுகளைத் தேடினால், பழையவை பல செயலரின் வீட்டு அலமாரியில் இருக்கின்றனவாம். அவரிடமே கேட்டால் விழாவின் விவரம் முன்கூட்டித் தெரிந்துவிடும். கேட்காவிட்டால் மடலில் எழுத ஒன்றும் இருக்காது. என்ன செய்வது?

தொழிலாளர் சட்டம் படித்தவள்:

அண்ணா, கேட்டுவிடுங்கள். குறிப்பேடுகளும் நிலுவைக் கோப்புகளும் எப்படியும் புதிய செயலர் கைக்கு வர வேண்டியவை. ஒப்படைப்புக்காக என்று கேட்டால் அது பொய்யும் ஆகாது. எந்தக் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மடலின் பாதி அதிலேயே கிடைத்துவிடும். மீதியைத் தலைவரிடமும் பொருளாளரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். தன்னைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்காதவர்கள் கூட இருந்தவரைப் பற்றிக் கேட்டால் நிறையச் சொல்வார்கள்.

பழைய நகராட்சி ஊழியர்:

மடலை ஜூலு, ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் அச்சிடுங்கள் தம்பி, ஆனால் முற்றத்தில் ஒரு முறை மட்டும் வாசியுங்கள். காலை வெயிலில் மூன்று முறை நிற்க வைத்தால் இரவுப் பணி முடித்தவர்கள் உங்களைத்தான் திட்டுவார்கள்.