சூரிய நமஸ்காரத்துல கால் முன்னாடி வர மாட்டேங்குது, உங்களுக்கு எப்படி?

மதுரையிலிருந்து, தொடங்கி வைப்பவர்:

குனிஞ்சா கை தரையைத் தொடலைன்னு எல்லாரும் புலம்புவாங்க. எனக்கு அது பெரிய விஷயமா இல்லை. முட்டியை லேசா மடக்கினா கை தானா தரைக்கு வந்துடுது. நான் மாட்டிக்கிற இடம் ஒன்பதாவது நிலை. பர்வதாசனத்துல (கையும் காலும் தரையில, இடுப்பு மேல தூக்கி நிக்கிற நிலை) இருந்து ஒரு காலை எடுத்து ரெண்டு கைக்கும் நடுவுல வைக்கணுமே, அங்கதான்.

பார்க்ல சொல்லித்தர்ற மாஸ்டர் "ம்ம், கால் முன்னாடி"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள பக்கத்துல இருக்கிற பிளஸ் டூ பொண்ணு கச்சிதமா வச்சுடுது. என் கால் பாதி வழியிலேயே நின்னுடும். அப்புறம் ரெண்டு மூணு சின்ன எட்டா நகர்த்தி, கைகிட்ட கொண்டு வர்றப்போ கூட்டம் அடுத்த நிலைக்கு, குனிஞ்சு கையைப் பாதத்துகிட்ட வைக்கிற பாதஹஸ்தாசனத்துக்குப் போயாச்சு. அந்த நேரத்துல மூச்சை இழுக்கணுமா விடணுமான்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்?

வலது கால் கொஞ்சம் பரவாயில்லை. இடது சுத்தமா வரலை. வயசு 45 தாண்டியாச்சு. "தொப்பைதான் இடிக்குது"ன்னு வீட்டுக்காரர் ஆராய்ச்சி சொல்றார். அவர் ஒரு நாள் பாய்ல வந்து நின்னு காட்டட்டும், அப்புறம் பேசிக்கலாம்.

இந்த இடத்தைத் தாண்டி வந்தவங்க சொல்லுங்க.

மயிலாப்பூரிலிருந்து:

அம்மா, வீட்டுக்காரர் சொன்னது பாதி சரி, கோவிச்சுக்காதீங்க. தொடை வயித்துக்குக் கீழ புகுந்து வரணும், அதுக்கு இடம் வேணும். இடம் இல்லைன்னா யாருக்குமே கால் வராது, ஒல்லியா இருந்தாலும். எனக்கும் கை நீளம் குறைவு. எங்க டீச்சர் ரெண்டு உள்ளங்கைக்கும் கீழ கைக்கொரு தடிப் புத்தகம் வச்சாங்க, வழுக்காத அட்டையா பார்த்து. தரை அந்த அளவுக்கு மேல வந்த மாதிரி ஆச்சு, கால் உள்ள நுழைய வழி கிடைச்சது.

இன்னொண்ணு. பர்வதாசனத்துல இருந்து நேரா காலை வீசாதீங்க. முதல்ல மூச்சை விட்டுக்கிட்டே ரெண்டு முட்டியையும் தரையில வையுங்க. இடுப்பை நிமிர்த்துங்க. அப்புறம் எந்தக் கால் வரணுமோ அதை மூச்சு இழுத்துக்கிட்டே கொண்டு வாங்க. அப்பவும் வரலைன்னா கணுக்காலைக் கையாலேயே பிடிச்சு முன்னாடி வையுங்க. அதுல வெட்கம் ஒண்ணும் கிடையாது. நான் இப்பவும் மார்கழிக் குளிர்ல உடம்பு இறுகிக் கிடக்கிற நாள்ல அப்படித்தான் வைக்கிறேன்.

பிளஸ் டூ பொண்ணோட போட்டி வேண்டாம். 1920கள்ல இதை ஊர் ஊரா பரப்பினவர் மகாராஷ்டிராவுல அவுந்த் சமஸ்தானத்து ராஜா பவன்ராவ். அவர் தன் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத்தான் செய்ய வச்சார். 1930கள்ல மைசூர் அரண்மனையில யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார், குதிச்சுக் குதிச்சு நிலை மாத்தற மாதிரி ஆசனங்களைக் கத்துக்கொடுத்ததும் பையன்களுக்கு. அதே கிருஷ்ணமாச்சாரியார் பின்னாடி மெட்ராஸ் வந்து குடும்பஸ்தர்களுக்கும் நோயாளிகளுக்கும் சொல்லிக்கொடுத்தப்போ ஆளுக்குத் தக்கபடி மாத்தித்தான் கொடுத்தார். நம்ம பார்க் வகுப்புகளுக்கு பையன்களுக்குக் கொடுத்த அந்த முதல் பாதி மட்டும்தான் வந்து சேர்ந்திருக்குன்னு நினைக்கிறேன்.

மந்திரம் சொல்ற பழக்கம் இருந்தா ஒவ்வொரு சுற்றுக்கு முன்னாடியும் நின்னு ஒரு பேர் சொல்லுங்க: "ஓம் மித்ராய நமஹ", அடுத்து "ஓம் ரவயே நமஹ", இப்படிப் பன்னிரண்டு. பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், நடுவுல மூச்சு சமநிலைக்கு வர நேரம் கிடைக்குது. மந்திரம் வேண்டாம்னா சும்மா நில்லுங்க, அதுவும் போதும்.

கோவையிலிருந்து, ஐடி வேலை:

எனக்கு கால் பிரச்சனை இல்ல, மணிக்கட்டு. நாள் பூரா கீபோர்டு, காலையில பர்வதாசனம், கேட்கணுமா? மொத்த எடையும் உள்ளங்கையோட அடிப்பக்கத்துல இறங்கிட்டு இருந்தது. விரலை நல்லா விரிச்சு, கட்டைவிரல், ஆள்காட்டி விரல் ரெண்டோட அடியையும் தரையில அழுத்தச் சொன்னாங்க. ஒரு வாரம் போல ஆச்சு, வலி குறைஞ்சது. அப்பவும் குறையலைன்னா முழங்கையை ஊன்றிப் பண்ணலாம், இல்லைன்னா சுவத்துல கை வச்சும் பண்ணலாம்.

அப்புறம் தயவுசெஞ்சு ஜமுக்காளத்தை மடிச்சு வைங்க. மொசைக் தரையில ஜமுக்காளம் போட்டு பர்வதாசனம் பண்ணினா கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். வெறும் தரையே மேல். அஷ்டாங்க நமஸ்காரத்துல (முட்டி, மார்பு, தாடை எல்லாம் தரையில படற நிலை) முட்டி உறுத்துதுன்னா அங்க மட்டும் ஒரு துண்டு.

எண்ணிக்கை பத்தியும் சொல்லணும். ஆபீஸ் குரூப்ல ஒருத்தர் "தினம் 12 சுற்று"ன்னு போட, எல்லாரும் மிரண்டுட்டோம். கேட்டா, அவர் ஒரு கால் மட்டும் பின்னாடி போய் வந்தாலே ஒண்ணுன்னு எண்றார். எங்க வகுப்புல வலது, இடது ரெண்டும் சேர்ந்தாத்தான் ஒரு சுற்று. அவரோட 12, எங்க கணக்குக்கு 6. யாராவது நம்பர் சொன்னா முதல்ல கணக்கு எப்படின்னு கேளுங்க. எந்தக் கால் முதல்ல திரும்பி வரணும்ங்கிறதும் ஒவ்வொரு யோகா பள்ளிக்கு ஒவ்வொரு மாதிரி. யூடியூப்ல ரெண்டு பேரை மாத்தி மாத்திப் பார்த்தா குழப்பம்தான்.

திருச்சியிலிருந்து, பணி ஓய்வு பெற்றவர்:

அனைவருக்கும் வணக்கம். கால் விஷயத்தில் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை; நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு செய்கிறவன். ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் இதைப் படித்தால் ஒன்று கவனிக்க வேண்டும். "வெறும் வயிற்றில் செய்" என்று எல்லோரும் சொல்வார்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வெறும் வயிற்றில் உடற்பயிற்சி செய்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், கண் இருட்டுதல் வரும். தொடங்கும் முன்பே என் டாக்டர் இதைச் சொல்லி, எப்போது செய்யலாம், முன்னால் என்ன சாப்பிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கும்.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் பாதஹஸ்தாசனத்திலிருந்து விருட்டென நிமிர வேண்டாம். கையைத் தொடையில் ஊன்றி, தலையைக் கடைசியில் தூக்குங்கள். குடலிறக்கம் உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. பார்க்கில் இதையெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை என்பது என் வருத்தம்.

ஓசூரிலிருந்து:

நைட் ஷிப்ட் முடிச்சு வர்றப்போ சூரியன் உச்சிக்குப் போயிடுது. சாயங்காலம்தான் பண்றேன், சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சு. "சூரியன் இல்லாம என்ன சூரிய நமஸ்காரம்"னு ரூம்மேட் கிண்டல். போகட்டும், முதுகு வலி குறைஞ்சிருக்கு.

மதுரையிலிருந்து, மறுபடியும்:

மயிலாப்பூர் அம்மா, புத்தகத்துக்கு நன்றி! பையனோட பழைய கைடு ரெண்டு இப்பதான் உருப்படியா பயன்படுது. முட்டியைக் கீழ வச்சுட்டு வந்தா வலது கால் ஒரே எட்டுல வந்துடுது. இடதை இன்னும் கையாலதான் தூக்கி வைக்கிறேன். மாஸ்டர்கிட்ட சொன்னேன், "கடைசி வரிசையில நின்னு உங்க வேகத்துல பண்ணுங்க"ன்னுட்டார். அங்க போய்ப் பார்த்தா என்னை மாதிரி நாலு பேர் ஏற்கெனவே இருக்காங்க. திருச்சி ஐயா, நாற்காலியில எப்படிப் பண்றதுன்னு நிலை நிலையா எழுத முடியுமா? அதுல ஒரு அத்தைக்கு முட்டி மடக்கவே வராது.