மனைவியை அடித்தவருக்குச் சிறையில் வகுப்பு: தேவையா, வீணா?

தாமிரபரணிக்காரன்:
கோவை சிறையில் நெசவு, புழலில் பேக்கரி, விற்பதற்கு ‘பிரீடம்’ கடை. எல்லாம் நல்லதுதான். ஆனால் மனைவியைக் கொடுமைப்படுத்தினால் போடுகிற 498ஏ பிரிவில் (இப்போது நியாய சன்ஹிதாவின் 85) உள்ளே போனவன் ரொட்டி சுடக் கற்றுக்கொண்டு வந்தால் போதுமா? அதிகபட்ச தண்டனை மூன்று வருடம், அப்புறம் அதே வீட்டுக்குத்தான் வருவான். உள்ளே இருக்கும்போதே அடிக்கிற புத்தியை மாற்றக் கட்டாய வகுப்பு வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

வைகை செல்வி:
தம்பி, தண்டனைக் கைதியாக எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? ஏழு வருடம் வரை தண்டனை உள்ள வழக்குகளில் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யாதே என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கைதானாலும் கொஞ்ச நாளில் ஜாமீன். நீங்கள் பாடத்திட்டம் போட்டு முடிப்பதற்குள் ஆள் வெளியே டீக்கடையில் இருப்பான்.

அது போகட்டும். அமெரிக்காவில், மனைவியை அடிக்கிற ஆண்களுக்கு வகுப்பு எடுக்கும் டுலூத் நகரத்து முறை 1980-களிலிருந்து ஓடுகிறது. புளோரிடாவின் பிரோவர்டு கவுண்டியில் தண்டனை பெற்ற 404 ஆண்களைச் சீட்டுக் குலுக்கின மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும், மறுபாதிக்கு அதோடு டுலூத் பாணியில் 26 வார வகுப்பு. பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. வேலை, சொந்தம் என்று இழக்க ஏதாவது இருந்தவன்தான் கொஞ்சம் அடங்கினான்.

கோவை ரவி:
டாஸ்மாக்கை மூடுங்கள், பாதி கேஸ் குறையும்.

வைகை செல்வி:
ரவி சார், குடித்துவிட்டுப் போகிற வழியில் ஏட்டய்யாவை ஏன் அடிப்பதில்லை? வீடு வரைக்கும் கையைப் பத்திரமாக வைத்திருக்கத் தெரிகிறதே.

தாமிரபரணிக்காரன்:
அக்கா, வகுப்பு என்றால் எல்லாம் ஒரே வகுப்பா? அமெரிக்காவின் அயோவா மாநில சிறைத் துறை டுலூத் பாணியை விட்டுவிட்டு 24 வாரத்துக்கு வேறு பாடம் கொண்டு வந்தது. ‘ஆண் ஆதிக்கம் தப்பு’ என்று உபதேசம் பண்ணாமல், கோபமும் அவமானமும் பொங்கும்போது கையை ஓங்காமல் இருக்கப் பழக்குவது. 3,474 ஆண்களை ஒப்பிட்டதில், இதில் படித்தவர்கள் மறுபடி கைதானது குறைவு.

வைகை செல்வி:
அங்கே குலுக்கிப் பிரிக்கவில்லை. யார் எந்த வகுப்புக்குப் போனார்கள் என்பதிலேயே முடிவு சாய்ந்திருக்கலாம். தவிர, மறுபடி கைதாகவில்லை என்றால் மறுபடி அடிக்கவில்லை என்று அர்த்தமா? நம் ஊரில் எத்தனை பேர் மகளிர் ஸ்டேஷன் படி ஏறுகிறார்கள்?

மனு வரிசை:
சட்ட உதவி வேலையாக ஒரு மத்திய சிறைக்குப் போய் வருகிறவள் நான். மனு பார்க்கிற நாளில், அதாவது கைதியைச் சொந்தக்காரர்கள் சந்திக்கிற நாளில், வந்து பாருங்கள். சோப்பும் பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கி, இடுப்பில் பிள்ளையோடு அந்தப் பெண் வெயிலில் நிற்பாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் கேட்கிற முதல் கேள்வி, “கேஸை எப்ப வாபஸ் வாங்குற?” அடுத்து அழுகை, அதற்கு அடுத்து மிரட்டல். பத்து நிமிஷத்தில் மூன்றும். காவலர் பக்கத்திலேயே நிற்பார், குடும்ப விஷயம் என்று திரும்பிக்கொள்வார்.

இதே ஆள் வகுப்பில் கை கட்டி உட்கார்ந்து ‘திருந்திட்டேன்’ என்பான், சான்றிதழும் கிடைக்கும். அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் மாமியார் வீட்டில் பஞ்சாயத்து நடக்கும். வகுப்புக்கு நான் எதிரி இல்லை. இங்கிலாந்தில் இப்படிப்பட்ட வகுப்பு நடத்தும்போது, மனைவியோடு தனியாகத் தொடர்பில் இருக்க ஓர் ஊழியர் உண்டு. அது இல்லாமல் இங்கே ஆரம்பித்தால் அவளுக்குத்தான் ஆபத்து.

தாமிரபரணிக்காரன்:
சரி, சான்றிதழே வேண்டாம், தண்டனைக் குறைப்பும் வேண்டாம். வகுப்பு மட்டும் இருக்கட்டும். சம்மதமா?

வைகை செல்வி:
சலுகை இல்லாவிட்டால் எவன் வந்து மனசு திறப்பான்? கட்டாயம் என்றால் கொட்டாவி விடுவான். முதலில் அவன் விடுதலையாகிற தேதியை அவளுக்குச் சொல்லுங்கள். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறாரே, சிறையிலிருந்து அவருக்கு ஒரு போன் போட்டால் நடக்கிற காரியம்.

மனு வரிசை:
அந்த போனை நான் போட்டுப் பார்த்திருக்கிறேன் அக்கா. ஒரே அலுவலர், மாவட்டம் பூராவும் அவர்தான். எடுத்தால் நல்ல மனுஷிதான், எடுக்கத்தான் நேரமில்லை. தம்பி கேட்கிற வகுப்புக்கு ஆள் போடுவதற்கு முன்னால் அங்கே ஆள் போடச் சொல்லுங்கள்.