மீட்டிங்கில் பேசாதவர்கள் டீக்கடையில் மட்டும் பேசுவது ஏன்?

ரப்பர்தோட்டம்:
நாகர்கோவிலில் ஆறு பேர் கொண்ட கணக்குப் பிரிவுக்கு நான் பொறுப்பு. சொந்த ஊர் குலசேகரம். போன மாதம் ஓர் அறிக்கையைத் தப்பாக அனுப்பிவிட்டோம். அது தப்பு என்று குழுவில் இளையவளுக்கு இரண்டு நாள் முன்பே தெரியும். டீக்கடையில் தோழியிடம் சொல்லியிருக்கிறாள், மீட்டிங்கில் சொல்லவில்லை. கேட்டால், "அண்ணன் சரின்னு சொன்ன பொறவு நான் எப்படிக்கா சொல்ல?" என்கிறாள். அந்த அண்ணன் எங்களில் மூத்தவர், கோபப்படவே மாட்டார். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. எங்கள் வீட்டிலும் அப்பா பேசி முடித்தால் பேச்சு முடிந்தது. வீட்டுப் பழக்கத்தைத்தானே வேலைக்கும் கொண்டுவருகிறோம்? மரியாதை கெடாமல் இதை மாற்ற வழி உண்டா?

தூத்தூர்க்காரன்:
அக்கா, என் அப்பா ஆழ்கடல் விசைப்படகில் போனவர். பத்துப் பன்னிரண்டு பேர், கரை திரும்ப வாரக்கணக்காகும். படகை ஓட்டும் தலைவரான ஸ்ராங்கு சொல்வதுதான் அங்கே சட்டம். ஆனாலும் கயிறு அறுவதைப் பார்த்தால் புதிதாக ஏறிய பையன்கூடக் கத்துவான், அதை யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. ஏனென்றால் சம்பளம் கிடையாது, பங்குதான். டீசல், ஐஸ் செலவு போக மீதிதான் படகுக்காரருக்கும் தொழிலாளிகளுக்கும் பிரியும். கயிறு போனால் அவன் வீட்டுக்கும் நட்டம். உங்கள் அறிக்கை தப்பானால் அந்தப் பெண்ணுக்கு என்ன போகிறது? வீட்டை மட்டும் குறை சொல்லாதீங்க.

நாஞ்சில்வயல்:
தம்பி சொல்வது பாதிதான் சரி. பங்கு இருந்தும் பேசாத குடும்பம் எங்களுடையது. நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் மருமக்கள்வழி (சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறை) இருந்த காலத்தில், சொத்து எல்லோருக்கும் பொது, முடிவு மட்டும் குடும்பத்தின் மூத்த ஆணான காரணவருடையது. 1926-இல் திருவிதாங்கூர் சட்டம் அந்த முறையை மாற்றியது. ஆனால் இன்றும் எங்கள் வீட்டில் வயலை விற்கும் பேச்சு வந்தால், பெரிய மாமா வாய் திறக்கும்வரை எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். மக்ளே, மூத்தவரைக் கடைசியாகப் பேசச் சொல்லுங்கள். அதையும் அவரிடமே தனியாக முதலில் கேளுங்கள், சபையில் வேண்டாம். எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் யாருக்கு என்று பேசும்போது, புதிதாகச் சேர்ந்தவர்தான் முதலில் பேசுவார்.

ரப்பர்தோட்டம்:
அண்ணனிடம் கேட்டேன். "நான் பேசுறதால அவங்க நிறுத்துறாங்கன்னு எனக்குத் தெரியாது தங்கச்சி" என்றார், முகம் வாடிவிட்டது. இன்று அவள் முதலில் பேசினாள், நாலு வரி. வரிக் கணக்கில் ஒரு எண் இடம் மாறியிருப்பதைக் காட்டினாள். அண்ணன்தான் உடனே திருத்தினார். பங்கு பற்றித் தம்பி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் மேலதிகாரிகளிடம் பேசப் போகிறேன்.