பிரிண்டரில் குறுக்கே வெள்ளைக் கோடு

கேள்வி: மகளின் பள்ளி ப்ராஜெக்ட்டுக்கு இங்க் டேங்க் பிரிண்டரில் படம் எடுத்தால் குறுக்கே வெள்ளைக் கோடுகள். இலையெல்லாம் மஞ்சளாக வருகிறது. மை பாதிக்கு மேல் இருக்கிறது. லீவு முழுக்க பிரிண்டரைத் தொடவில்லை. மை தெளிக்கும் ஹெட்டை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள் அண்ணா. பச்சை மஞ்சளானால் சயான் (நீல மை) அடைத்திருக்கும். பிரிண்டர் மெனுவில் நாசில் செக் (மைத் துளைகளைச் சோதிக்கும் பிரிண்ட்) எடுங்கள். நீலக் கோடுகள் விட்டுவிட்டு வந்தால் ஹெட் கிளீனிங் கொடுங்கள். ஆனால் ரெண்டு தடவைக்கு மேல் தொடர்ந்து வேண்டவே வேண்டாம். மை வீணாக வேஸ்ட் பேடில்தான் (கழிவு மையை உறிஞ்சும் பஞ்சு) போய்ச் சேரும். ராத்திரி அப்படியே விடுங்கள், காய்ந்த மை ஊறட்டும்.

கேட்டவர்: காலையில் நீலம் முழுசாக வந்துவிட்டது! கோடு மட்டும் லேசாகத் தெரிகிறது.

இன்னொரு பதில்: போட்டோ பேப்பரை வைத்துவிட்டு செட்டிங்கில் சாதா பேப்பர் என்று விட்டிருக்கிறீர்களா? அதை மாற்றி, குவாலிட்டியை ஹை ஆக்குங்கள். அப்புறமும் கோடு வந்தால் ஹெட் அலைன்மென்ட் (ஹெட்டைச் சீராகப் பொருத்தும் செட்டிங்) கொடுங்கள்.