டேப்பட் அடி தட்டையா இருந்தா நல்லதா? யார் சொன்னது?

மினிக்காரன்:
சிங்கப்பூர் ஈசூன் தம்பி இங்கே தன் பழைய மினி காரோட 1275 சிசி இன்ஜினைப் பத்திக் கேட்டிருந்தார். ஆயில் குறைஞ்சு பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் ராடு கிராங்க்கைப் பிடிக்கிற இடத்து பேரிங்) பிடிச்சு, கிராங்க் தண்டுல கோடு விழுந்து, இன்ஜின் மொத்தமும் பிரிச்சுக் கிடக்கு. புது கேம் (வால்வுகளைத் திறக்க வைக்கிற தண்டு) வாங்கியாச்சு, பழைய டேப்பட்டையே, அதாவது கேம் மேல உட்கார்ந்து வால்வைத் தூக்கக் குடுக்குற குட்டி உருளைகளையே, போடலாமான்னு கேள்வி. பழைய ஸ்பானர் சொன்ன பதில்: "அடி பளபளன்னு தட்டையா இருந்தா துடைச்சுப் போடு, காசைக் கரியாக்காதே." படிச்சதுலேர்ந்து எனக்கு ஆறவே இல்ல. தட்டையா இருக்குன்னா அது தேஞ்ச டேப்பட்! புது டேப்பட்டோட அடி லேசா குவிஞ்சிருக்கும். அங்குலத்துல ஆயிரத்துல ஒண்ணு ரெண்டு பங்குதான், கண்ணுக்குத் தெரியாது. கேம் லோபும் (டேப்பட்டைத் தூக்குற மேடு) ஒரு பக்கமா இம்மி சரிஞ்சிருக்கும். இந்த ரெண்டும் சேர்ந்துதான் டேப்பட்டைச் சுழல வைக்குது. சுழலலைன்னா ஒரே இடத்துல உரசி லோபைத் தின்னுடும்.

பழைய ஸ்பானர்:
நான் சின் மிங் பட்டறையில கிரீஸ் கையோட நின்னப்ப நீங்க பள்ளிக்கூடத்துல இருந்தீங்க. தட்டையா இருந்த டேப்பட் போட்டு அனுப்பின வண்டிங்க இன்னிக்கும் ஓடுது. இப்ப டப்பால வர்ற புது டேப்பட்டோட லட்சணம் தெரியுமா? இரும்பு மெத்துனு இருக்கு. புதுசு போட்டுக் கேமையும் சேர்த்துத் தொலைச்சவங்க எத்தனையோ பேர். அந்தக் கால இங்கிலாந்து இரும்பு வேற.

மினிக்காரன்:
மட்டமான சரக்கு வருதுன்னா நல்ல சரக்காப் பார்த்து வாங்கணும். தேஞ்சதைப் போடுறதுக்கு அது காரணம் ஆகாது. சோதனை சொல்றேன், செஞ்சு பாருங்க. ரெண்டு டேப்பட்டை அடியோட அடி ஒட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடிங்க. நல்லதுன்னா நடுவுல மட்டும் தொட்டுக்கிட்டு லேசா ஆடும், ஓரத்துல வெளிச்சம் கசியும். ஆடாம அமுங்கி உட்கார்ந்தா தேஞ்சாச்சு. ஸ்டீல் ரூலரைக் குறுக்கே வச்சு நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா குழியே விழுந்தாச்சு.

ஈசூன் தம்பி:
அண்ணே, பட்டறையில பிரிச்சு எட்டையும் கொங் குவான் பிஸ்கட் டப்பாவுல ஒண்ணா கொட்டிக் குடுத்துட்டாங்க. எது எந்த ஓட்டையிலேர்ந்து வந்துச்சுன்னு தெரியல. ரெண்டுல ஊசி குத்தின மாதிரி புள்ளிக் குழி இருக்கு.

மினிக்காரன்:
போச்சு. பழைய கேமையே போட்டாலும் ஒவ்வொரு டேப்பட்டும் அது இருந்த லோபுக்கே திரும்பணும். கலந்துட்டா முடிஞ்சுது. புது கேமுல பழைய டேப்பட், அது நடக்கவே கூடாத காரியம். அதுவும் மினியில கியர்பாக்ஸும் இன்ஜினும் ஒரே ஆயில்லதான் ஓடுது. பேரிங் தூள் முழுக்க அதுலதான் சுத்தியிருக்கும். சாதாரண 1275ல டேப்பட்டை எடுக்கப் பக்கவாட்டு மூடி கிடையாது, கேமைக் கழட்டி பிளாக்கைக் கவுத்தாத்தான் டேப்பட் வெளிய வரும். இப்ப மாத்தாம எப்ப மாத்துவீங்க?

தேக்கா டர்போ:
என் காருல ஹைட்ராலிக் லிஃப்டர், ஆயில் அழுத்தத்துல வேலை செய்யுற டேப்பட். கழுவி ஆயில்ல ஊற வச்சுத் திரும்பப் போட்டாங்க, சத்தமே இல்ல. எந்த டேப்பட்டைப் பத்திப் பேசுறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க.

பழைய ஸ்பானர்:
பார்த்தீங்களா, திரும்பப் போட்டிருக்காங்க! டர்போ, அடி தட்டையாத்தானே இருந்துச்சு?

மினிக்காரன்:
ஹைட்ராலிக்கை இங்கே இழுக்காதீங்க. மினியில இருக்கிறது உள்ளே ஆயில் அழுத்த வேலை எதுவும் இல்லாத சாதா டேப்பட். நான் கேக்குறது ஒரே கேள்வி: தட்டையா இருக்கிறது நல்லதா, தேய்மானமா?

தேக்கா டர்போ:
எதுக்கு இவ்வளவு கோவம்? நல்ல ஆயில் ஊத்தினாப் போச்சு. நான் 5டபிள்யூ-30 சிந்தெட்டிக்தான் ஊத்துறேன்.

மினிக்காரன்:
அதை மினிக்கு ஊத்திடாதீங்க. 2004ல வந்த ஏபிஐ எஸ்எம்ங்கிற அமெரிக்க ஆயில் தரத்துலேர்ந்து அந்த மாதிரி மெல்லிய ஆயில்ல பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. டேப்பட்டைக் காப்பாத்துற துத்தநாக-பாஸ்பரஸ் மருந்தைக் குறைச்சுட்டாங்க. துத்தநாகம் தாராளமா இருக்கிற கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் வேணும். தம்பி வண்டி பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்துல இருக்கு, வருஷத்துக்கு அதிகபட்சம் 45 நாள்தான் ஓட்டலாம், மிச்ச நாள் சும்மா நிக்கும். கேம் காஞ்சு போயிருக்கும். புது டேப்பட் போட்டு முதல் ஸ்டார்ட்லயே நிமிஷத்துக்கு 2,000 சுத்துக்குக் குறையாம 20 நிமிஷம் விடாம ஓட்டணும். ஐடில்ல விட்டா லோப் அங்கேயே போயிடும்.

பழைய ஸ்பானர்:
ஆமா, வீவக அடுக்குமாடி கார்பார்க்ல 20 நிமிஷம் அலற விடு. நிக்கிற வண்டியில இன்ஜினை ஓட விட்டா அபராதம்னு தெரியாதா? மேல் மாடி ஆன்டி படம் எடுத்து அனுப்பிடுவாங்க. நல்லா சொல்லிக் குடுக்குறீங்க தம்பிக்கு.

மினிக்காரன்:
கார்பார்க்ல செய்யின்னு நான் எங்கே சொன்னேன்? பட்டறையில செய்யணும். பேச்சை மாத்தாதீங்க. தட்டையா, குவிஞ்சா?

பழைய ஸ்பானர்:
தேஞ்ச டேப்பட்டை ஜோகூர்ல குடுத்தா அடியைத் தீட்டித் தருவான். அதையும் தப்புன்னு சொல்லுவீங்க.

மினிக்காரன்:
அந்தக் குவிவு தெரிஞ்சவன் சரியாத் தீட்டினா ஒத்துக்கலாம். தட்டையான தீட்டுக்கல்லுல வச்சு மட்டமாத் தேச்சுக் குடுத்தா திரும்பவும் தட்டைதான்! இவ்வளவு நேரமா நான் கத்துறது அதைத்தானே? புள்ளிக் குழி விழுந்ததை யார் தீட்டினாலும் தூக்கித்தான் போடணும்.

ஈசூன் தம்பி:
அப்போ எட்டும் புதுசா வாங்கிடவா?

பழைய ஸ்பானர்:
வாங்கு தம்பி, கேம் போனதும் அவர்கிட்டயே போ. எனக்கு ஷாஃப்ட் ஆடுற எஸ்யு கார்பரேட்டரை நல்லதுன்னு சொல்லித் தலையில கட்டின மனுஷன்தான் இவர்.

மினிக்காரன்:
பார்த்து, கையில ஆட்டிப் பார்த்துத்தானே வாங்கிட்டுப் போனீங்க? அது ஷாஃப்ட், இது டேப்பட். தம்பி, எட்டும் புதுசா வாங்குங்க. வந்ததும் ரெண்டு ரெண்டா அடியை ஒட்டிப் பாருங்க, ஆடலைன்னா கடையிலயே திருப்பிக் குடுங்க.

பழைய ஸ்பானர்:
நான் தட்டையா இருக்கிறதைத்தான் போடுவேன். என் வண்டி, என் கேம்.